‘புள்ள நல்லா சப்புதா?’

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பால் சுறா கேட்டால், மீன்கார அம்மா உடனே எடுத்துத் தராசில் போட்டுவிட மாட்டார். “புள்ள பெத்தவளுக்காம்மா?” என்று முதலில் கேட்பார். ஆமாம் என்றால், “எத்தினி நாளாவுது? ஆப்ரேசனா, சொகப்பிரசவமா?” என்பார். போன மாதம் என் மகளுக்காக நான் போய் நின்றபோது அவர் இன்னொன்றும் கேட்டார். “புள்ள நல்லா சப்புதா?” பதினோரு நாள் ஆகிறது, அறுவைப் பிரசவம், பிள்ளை சப்புகிறது, ஆனால் சீக்கிரம் தூங்கிவிடுகிறது என்றேன். “அத்த மொதல்ல பாரு. புள்ள இழுத்தாத்தான் பாலு. சொறா அதுக்கப்புறம்” என்று சொல்லிவிட்டுத்தான் மீனை அரியத் தொடங்கினார்.

மருத்துவ நூல்கள் சொல்வதும் இதைத்தான். முலை எந்த அளவுக்குக் காலியாகிறதோ அந்த அளவுக்கு மறுபடி ஊறும். பிள்ளை ஆழமாக வாய்வைத்து இழுக்க இழுக்கத்தான் தாயின் மூளைக்குச் செய்தி போகும், சுரப்பு கூடும். சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் பச்ச உடம்புக்காரிக்கு வலுவைத் தரும். ஆனால் பிள்ளை இழுக்காத முலையில் அவை பாலைக் கொண்டுவந்துவிடாது. (சுறாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரிய சுறாக்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் பாலூட்டும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. பத்தியத்துக்குச் சின்ன பால் சுறாவாக, எப்போதாவது ஒருமுறை என்று நிறுத்திக்கொண்டு, மற்ற நாட்களில் நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களை வாங்குவது நல்லது.)

அந்தக் கேள்வி என்னை உலுக்கியதற்குக் காரணம் உண்டு. 27 ஆண்டுகளுக்கு முன் இதே மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குழந்தை மருத்துவரிடம் போனேன். நாலாவது மாதம். அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். எடை பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார், “பால் பத்தல” என்றார். சீட்டில் ஒரு டப்பாவின் பெயரை எழுதினார். பிள்ளை எப்படிக் குடிக்கிறது என்று கேட்கவில்லை, கொடுத்துக் காட்டச் சொல்லவும் இல்லை. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. டப்பா வந்தது, பின்னாலேயே புட்டி வந்தது. புட்டி பழகிய பிள்ளை முலையைத் தள்ளியது, இரண்டு மாதத்தில் எனக்குப் பால் வற்றிப்போனது. என் உடம்பில்தான் குறை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு எப்படிப் பாலூட்ட வேண்டும் என்று ஒரு தாய்க்கு ஒரு விருப்பம் இருக்கிறது. அதற்குத் துணைநிற்கும் குழந்தை மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊரில் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் காரணங்கள் வேறு. கைராசிக்காரர், வீட்டுக்குப் பக்கம், டோக்கன் சீக்கிரம் கிடைக்கும், மாமியார் தன் பிள்ளைகளுக்குக் காட்டியவர். தடுப்பூசிக்கும் சளி காய்ச்சலுக்கும் இவை போதும். முதல் ஆறு மாதத்துக்குப் போதாது. அந்த ஆறு மாதத்தில் டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும், எதற்காகப் போனாலும், பேச்சு பாலில்தான் வந்து நிற்கும். எடை ஏறவில்லை, எதுக்களிக்கிறது, ராத்திரி முழுக்க அழுகிறது, பச்சையாகப் போகிறது. இத்தனைக்கும் “டப்பாப்பால் கொடுத்துப் பாருங்க” என்ற ஒரே வரியைப் பதிலாகச் சொல்லிவிடவும் முடியும். அந்த வரியைச் சொல்லும் முன் மருத்துவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவர் யார் என்பதால் உண்மையில் ஏதாவது மாறுமா? ‘எல்லாம் தாயின் மனசைப் பொறுத்தது’ என்பவர்கள் நிறைய. அந்தப் பேச்சு தாயின் தலையில் பழியைக் கட்டி முடிந்துவிடும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நம் ஊரோடு பழைய உறவுள்ள பிரான்சிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. லாபரேர் என்ற ஆய்வாளரின் குழு 231 தாய்-சேய் இணைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினர் பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள், பாலூட்டல் பற்றி ஐந்தே மணி நேரம் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரை ஒருமுறை போய்ப் பார்க்கும்படி அழைக்கப்பட்டார்கள். நான்காவது வாரத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 71.9 சதவீதம், பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர்களில் 83.9 சதவீதம். தாய்ப்பால் நீடித்த காலமும் இடைநிலைக் கணக்கில் 13 வாரத்திலிருந்து 18 வாரமாக உயர்ந்தது. 2005-இல் வெளியான இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அந்த மருத்துவர்கள் மேதைகள் அல்லர், பெரிய கருவிகளும் அவர்களிடம் இல்லை. ஐந்து மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள், ஒருமுறை பொறுமையாகப் பார்த்தார்கள். ஐந்து வாரம் கூடுதலாகப் பால் கிடைத்தது.

பெலாரஸ் நாட்டில் மைக்கேல் கிராமர் நடத்திய ஆய்வு இதைவிடப் பெரிது. ஏறத்தாழ 17,000 தாய்மார்கள் அதில் இருந்தார்கள். மகப்பேறு மருத்துவமனை ஊழியர்களுக்கும் குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவ நிலையத்தாருக்கும் பயிற்சி கொடுத்த இடங்களில், மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் 43.3 சதவீதம். பயிற்சி இல்லாத இடங்களில் 6.4. முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. இந்தியாவில், ஹரியானா கிராமங்களில் நீதா பண்டாரி குழுவினர் அங்கன்வாடி ஊழியரையும் செவிலியரையும் வைத்தே இதைச் செய்துகாட்டினார்கள். மூன்றாம் மாதத்தில் 79 சதவீதம், மற்ற கிராமங்களில் 48. மூன்று நாடுகளிலும் தாய்மார்களின் உடம்பு ஒன்றுதான். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பழக்கம் மாறியபோது பால் கொடுத்த கணக்கும் மாறியது.

இனி அந்த வரைபடத்துக்கு வருகிறேன். என் மகள் நாலு மாதக் குழந்தையாக இருந்த காலத்தில் உலகெங்கும் புழக்கத்தில் இருந்த வளர்ச்சி வரைபடம் அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 1977-இல் வெளியிட்டது. அதில் கைக்குழந்தைகளுக்கான கோடுகள் ஓஹியோ மாநிலத்தின் ஒரு சிற்றூர்ப் பகுதியில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக எடை போடும், பிறகு அந்த வேகம் கொஞ்சம் தணியும். அது இயல்பு. ஆனால் புட்டிப்பால் பிள்ளைகளின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளை தேய்ந்துபோவது போலத் தெரியும். எத்தனை ஊர்களில், எத்தனை மேசைகளில் “பால் பத்தல” என்ற தீர்ப்பு அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லப்பட்டிருக்கும்! உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், பரிந்துரைத்தபடி தாய்ப்பாலில் வளர்ந்த பிள்ளைகளை அளந்தது. நம் நாட்டுக் குழந்தைகளைத் தெற்கு டெல்லியில் அளந்தார்கள். 2006-இல் புதிய வரைபடம் வந்தது. புட்டிப்பால் பிள்ளையை அளவுகோலாக வைத்த காலம் அதோடு முடிந்தது. இன்று நம் கையில் கொடுக்கும் தடுப்பூசி அட்டையில் பெரும்பாலும் இந்தப் படம்தான் இருக்கும். ஆனால் படம் மாறியதால் பார்வையும் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. “எந்தச் சார்ட்டை வச்சுப் பாக்குறீங்க டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டி விளக்குவார்.

மருத்துவர் அறையின் சுவரையும் பாருங்கள். பால்மாவு நிறுவனத்தின் காலண்டர், பேனா, எடை அட்டை ஏதாவது தென்பட்டால் அது சட்டமீறல். 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், புட்டிகள், உணவுகள் சட்டம் 1993 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது, 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கான பால்மாவுக்கோ புட்டிக்கோ விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது, டப்பாவில் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக்கூடாது. மருத்துவமனைச் சுவரில் சுவரொட்டி ஒட்டக்கூடாது. மருத்துவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பரிசு தரக்கூடாது, மருத்துவர் சங்கங்களின் கருத்தரங்குக்குப் பணம் கட்டக்கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் கோடிகளில் புரளும் தொழிலுக்கு 5,000 ரூபாய் ஒரு பொருட்டா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனாலும் பல பணக்கார நாடுகளில்கூட இவ்வளவு கடுமையான சட்டம் கிடையாது. 1981-இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான நெறியை ஏற்றபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அந்த நெறியை இந்தியா நாட்டுச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. பால்மாவு விற்பனை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு நாடுகளில் விசாரித்து 2022-இல் வெளியிட்டன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தாய்மார்கள், மருத்துவத் துறையினர் ஒருவரே குறிப்பிட்ட பிராண்டைத் தங்களுக்குச் சொன்னதாகக் கூறினார்கள்.

மருத்துவமனையில் பிள்ளை பெறும் வழக்கம் வந்துவிட்டாலே இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முலைப்பால் கிடைத்த பிள்ளைகள் 41.8 சதவீதம்தான். மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார், பிள்ளைக்குச் சீம்பால் கிடைக்கவில்லை. அதே கணக்கெடுப்பின்படி பக்கத்துத் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைதான். அறுவை முடிந்த தாயும் செவிலியர் தாங்கிப் பிடித்தால் அங்கேயே மார்பில் போட்டுக்கொடுக்கலாம். அது நடக்கிறதா, அல்லது ‘அப்சர்வேஷன்’ என்று பிள்ளையைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே டப்பாப்பாலைச் சங்கில் புகட்டிவிடுகிறார்களா என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் பிரசவ அறைக்கு வரும் குழந்தை மருத்துவர்தான். அவரை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. மகப்பேறு மருத்துவர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர் வருவார். ஆகவே ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்: “பிள்ளைய பாக்க எந்த டாக்டர் வருவாங்க? அவங்கள முன்னாடியே ஒருமுறை பாக்கலாமா?” வளைகாப்புக்கு ஆகும் செலவில் இதற்கு ஒரு கன்சல்டேஷன் கட்டணம் பெரிதில்லை.

அந்தச் சந்திப்பில் என்ன கேட்பது? ‘தாய்ப்பாலை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பயனில்லை, ஆமாம் என்று சொல்லாத மருத்துவர் இந்த நாட்டில் இருக்க மாட்டார். நடக்கப்போகும் ஒரு சங்கடத்தை எடுத்துவைத்துக் கேட்க வேண்டும். “மூணாம் நாள் எடை குறைஞ்சிருந்தா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது இயல்பு, பத்து சதவீதத்தை நெருங்கினால் கவனமாகப் பார்க்க வேண்டும், பத்து பதினாலு நாளில் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், அதற்கு முன் பாலூட்டுவதை நேரில் பார்ப்பேன் என்று சொல்பவர் பாடம் தெரிந்தவர். “மஞ்சள் காமாலை வந்தா தாய்ப்பாலை நிறுத்தணுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிறுத்தத் தேவையில்லை, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும் என்பதுதான் சரியான பதில். “எனக்குக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் போட்டா?” என்பதும் நல்ல கேள்வி. வழக்கமாக எழுதும் மருந்துகளில் பெரும்பாலானவை பாலூட்டுவதற்குத் தடையில்லை. சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்பவர்மேல் எனக்கு மரியாதை கூடும், புரட்டாமலே ‘நிறுத்து’ என்பவர்மேல் குறையும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மருத்துவர் துணை ஆகமாட்டார். தாய்ப்பாலின் மேலுள்ள பற்றில் பிள்ளை வாடுவதைப் பார்க்காமல் விட்டாலும் கேடுதான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால், துணியில் செங்கல் நிறக் கறை படிந்தால், பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், அது காத்திருக்கும் நேரமில்லை. நம் கோடையில், தலைப்பிரசவத் தாயின் பிள்ளைக்குப் பால் போதாமல் இரத்தத்தில் சோடியம் ஏறிவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. அப்போது மேல்பால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தாயே பீய்ச்சிய பால், அது கிடைக்காவிட்டால் தானமாக வந்த தாய்ப்பால், அதுவும் இல்லாவிட்டால் பால்மாவு. எது கொடுத்தாலும் முலை வற்றாமல் காப்பதற்கான வழியையும் சேர்த்துச் சொல்லும் மருத்துவரைத்தான் துணை என்பேன்.

தானப்பால் என்றால் எங்கோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். நம் ஊரிலேயே, 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில், ‘அமுதம்’ தாய்ப்பால் மையம் 2016 முதல் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து தாய்க்கு இன்னும் பால் இறங்காத பிள்ளைகளுக்கு அந்தப் பால் உயிர் மருந்து. உங்கள் மருத்துவருக்கு இது தெரியுமா, தேவைப்பட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியுமா என்பதையும் விசாரித்து வையுங்கள்.

பால்மாவு கொடுக்க முடிவு செய்த தாய்க்கும் துணைநிற்கும் மருத்துவர் வேண்டும். புற்றுநோய் மருந்து எடுப்பவர், பிள்ளையைத் தத்தெடுத்தவர், வேறு காரணத்தால் முடியாதவர், விரும்பாதவர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் மருத்துவரிடம் அவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று மூன்று கரண்டி போட வேண்டிய தண்ணீரில் இரண்டு கரண்டி போடுவதை மறைத்துவிடுவார்கள். பிள்ளை இளைக்கும், காரணம் யாருக்கும் தெரியாது. பால்மாவு கிருமியற்ற பொருள் அல்ல, கொதிக்க வைத்து இறக்கி அரை மணி நேரத்துக்குள், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும், பிறகு ஆறவைத்துப் புகட்ட வேண்டும் என்று கோபமில்லாமல் கற்றுக்கொடுப்பவர் அவர்களுக்குத் தேவை.

வேலைக்குத் திரும்பும் தாயின் நிலை தனி. 2017 முதல் நம் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு தருகிறது. சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்குத்தான். பெரிய மார்க்கெட்டில் கூடை வைத்து உட்காரும் பெண்ணுக்கு எந்தச் சட்டமும் 26 வாரம் தரவில்லை. என்னிடம் பேசிய மீன்கார அம்மா தன் இரண்டாவது பிள்ளைக்கு நாற்பதாம் நாளே கடைக்கு வந்துவிட்டாராம். மாமியார் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார், கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுப்பாராம். “மத்த நேரம்?” என்றேன். “டப்பாதான். டாக்டர் எழுதிக் குடுத்தாரு” என்றார். மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம், நிழலான இடத்தில் நாலு மணி நேரம் தாங்கும், கடும் வெயில் காலத்தில் அதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும், பாட்டி அதைப் பாலாடையால் புகட்டலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாருக்கும் இல்லை என்பதையும் அந்த மீன்கார அம்மாதான் எனக்கு நினைவூட்டினார். ஜிப்மரிலோ ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையிலோ வரிசையில் நின்றால் அன்று பணியில் இருப்பவர்தான் பார்ப்பார். அங்கே தாய் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தயங்காமல், “நான் இப்ப பால் கொடுக்குறேன், கொஞ்சம் பாருங்க” என்று கேட்கலாம். மருத்துவருக்கு நேரமில்லாவிட்டால் செவிலியரைக் காட்டச் சொல்லலாம். பாலூட்டுவதைக் கைபிடித்துச் சொல்லிக்கொடுப்பதில் அனுபவமுள்ள செவிலியர் பல நேரம் மருத்துவரைவிடத் தேர்ந்தவர்.

என் மகளையும் பிள்ளையையும் பதினாலாம் நாள் நாங்கள் முன்பே பார்த்துப் பேசி வைத்திருந்த டாக்டரிடம் கூட்டிப்போனோம். பிள்ளையின் எடையைப் பார்த்தார். பிறந்த எடைக்கு இன்னும் 60 கிராம் குறைவு. என் வயிறு கலங்கியது, பழைய சீட்டு கண்முன் வந்தது. அவர் பேனாவை எடுக்கவில்லை. “இப்ப குடுங்கம்மா, பாக்கலாம்” என்று நாற்காலியை மகளின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது, கன்னம் குழிந்து குழிந்து போனது. ஒரு விரலால் மெதுவாக விடுவித்துவிட்டு, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து அணைக்கச் சொன்னார். கீழ் உதடு வெளியே மடங்கியது, தாடை முலையில் அழுந்தியது. சப்பும் வேகம் குறைந்து ஆழமானது. இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ‘க்ளுக்’ என்று விழுங்கும் சத்தம் கேட்டது. தூங்கினால் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பச் சொன்னார், ராத்திரியும் சேர்த்து நாளைக்குப் பத்து முறைக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னார். இருபது நிமிடம் ஆனது. வெளியே டோக்கன் வைத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டில் வைட்டமின் டி சொட்டு மருந்து, தினம் 400 யூனிட் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, மூன்று நாள் கழித்து மறுபடி எடை பார்க்க வர வேண்டிய தேதி.